விடுகைப் பத்திரம்

ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால் கூடப் படித்தவர்களைப் பற்றிய கதை வராமல் போகாது. யாருக்குச் சீனி, யாருக்கு பிரஷர், யாருடைய மகள் மருத்துவபீடத்துக்கு எடுபட்டிருக்கிறாள், யார் வேலையை இடையிலேயே விட்டுவிட்டான், யார் மௌத்தாகிப் போனான் என்று அது நீண்டுகொண்டே போகும். வடக்கிலே இதற்குப் 'புதினம்' என்று பெயர். சந்தையிலோ பஸ்ஸிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ, எங்கே கண்டாலும் சலாத்துக்கோ வணக்கத்துக்கோ அடுத்த வார்த்தை "என்ன புதினம்?" என்பதுதான். கேட்பவரும் பெரிதாக எதையும் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. சொல்பவருக்கும் அவசரம் இருப்பதில்லை.

எங்கள் வகுப்பின் புதினம் அப்படி ஆறுதலாகச் சொல்லக் கூடியதாக அமையவில்லை. அது இரண்டு இடங்களில் அறுந்து போயிற்று. 1990 ஒக்டோபரில் ஒரு தடவை, 2009 மே மாதத்தில் இன்னொரு தடவை. முதல் தடவை அவர்களுக்கு நாங்கள் காணாமற் போனோம். இரண்டாம் தடவை எங்களுக்கு அவர்கள் காணாமற் போனார்கள்.

நான் தண்ணீரூற்றில் பிறந்தவன். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை ஒட்டியுள்ள ஊர் அது. ஆறாம் வகுப்பிலிருந்து முள்ளியவளையில் ஒரு கல்லூரியில் படித்தேன். 1989ஆம் ஆண்டு சாதாரண தரம் படித்த எங்கள் வகுப்பில் இருபத்தொன்பது பேர். அதில் எட்டுப் பேர் முஸ்லிம்கள். மற்றவர்கள் முள்ளியவளை, குமுழமுனை, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுக் கரையோரம் என்று பல இடங்களிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகள். யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பெயர் எழுதிய பட்டியல்களால் இந்த மண் பட்ட பாடு போதும்.

1990 ஒக்டோபரில் நடந்ததை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வகுப்பின் எட்டுப் பேரும் இருக்கிறோம். அப்போது எங்களில் ஐந்து பேர் உயர்தர வகுப்புக்குப் போயிருந்தோம். புத்தகங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். விடுகைப் பத்திரம் எடுக்கவில்லை.

விடுகைப் பத்திரத்தின் அருமை புத்தளத்தில்தான் தெரிந்தது. ஆலங்குடாவில் ஓலைக் குடிலில் இருந்துகொண்டு பாடசாலை தேடிப் போனபோது முதலில் கேட்டது அதைத்தான். பிள்ளையின் பெயர், சேர்ந்த திகதி, கடைசியாகச் சித்தியடைந்த வகுப்பு, விலகிய திகதி, விலகிய காரணம், நடத்தை என்று அதில் வரிசையாக இருக்கும். கிராம சேவகரிடம் ஒரு கடிதமும் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசியும் எடுத்துக்கொண்டு போய்த்தான் வாப்பா என்னைச் சேர்த்தார். சத்தியக் கடதாசியில் 'விலகிய காரணம்' என்ற இடத்தில் "அசாதாரண சூழ்நிலை" என்று எழுதியிருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக நான் பார்த்த காரியாலயக் கடிதங்களில் எல்லாம் எங்கள் கதை அந்த இரண்டு சொற்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

பிறகு நானும் ஆசிரியனானேன். முகாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொண்டர் ஆசிரியனாகப் போய், சில வருடங்களில் நிரந்தர நியமனம் கிடைத்தது. காலையில் இடாப்புக் கூப்பிடுவது என் தொழிலின் முதல் வேலை. இடாப்பில் ஒரு முறை உண்டு. பிள்ளை விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போனால் பெயருக்கு நேரே கோடு கீறி எழுதிவிடலாம். சும்மா நின்றுவிட்டால் உடனே கோடு கீற முடியாது. வரவில்லை, வரவில்லை என்று நாள்தோறும் குறித்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பிள்ளை நாளைக்கு வரக்கூடும் என்று இடாப்பு எதிர்பார்த்துக்கொண்டேயிருக்கும்.

2002இல் சமாதான காலத்தில் பாதை திறந்தபோது வாப்பாவுடன் ஊருக்கு ஒரு தடவை போய் வந்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருந்தது. இரண்டு வகுப்பு நண்பர்களைச் சந்தையில் கண்டு கைகொடுத்தேன். ஆறுதலாகக் கதைப்போம் என்று சொல்லிப் பிரிந்தோம். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மறுபடியும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வன்னிக்குள் இருந்தவர்களைப் பற்றி வானொலியிலும் பத்திரிகையிலும் வந்த எண்ணிக்கைகள் தவிர எங்களுக்கு ஒரு புதினமும் இல்லை.

அறுந்ததை மறுபடியும் பொருத்தி வைத்தது ஒரு படம். எங்கள் வகுப்பில் ஒருவன் 1990 தொடக்கத்திலேயே கொழும்புக்கு வந்து கனடாவுக்குப் போய்விட்டான். இன்று ஸ்காபரோவில் இருக்கிறான். அவனுடைய பெட்டிக்குள் 1989 முடிவில் எடுத்த வகுப்புப் படம் இருந்தது. மற்ற இருபத்தெட்டுப் பேரில் எவரிடமும் அந்தப் படம் இல்லை. எங்களிடம் இருந்தவை 1990இல் போயின. அவர்களிடம் இருந்தவை முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் போயின. முன்கூட்டியே நாட்டை விட்டுப் போனவனிடம் மட்டும் நாங்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தோம்.

அந்தப் படம் வட்டக்கச்சியிலிருக்கும் நண்பன் ஒருவன் மூலமாக எனக்கு வந்து சேர்ந்தது. வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன். குமுழமுனைக்காரன். வட்டக்கச்சியில் கலியாணம் முடித்து, இரணைமடுத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறான். 2024 ஓகஸ்ட் விடுமுறையில் காணி அலுவலாகத் தண்ணீரூற்றுக்குப் போனவன், அங்கிருந்து அவனிடம் போனேன்.

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் போகும் பஸ் ஏ35 வீதியால் வரும். வட்டுவாகல் பாலம், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம். ஜன்னலோரத்தில் இருந்து பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை அவன் தன் கதையைச் சொன்னபோது இதே பெயர்கள் தலைகீழாக வந்தன. 2009 ஜனவரியில் வட்டக்கச்சியிலிருந்து ட்ரக்டர் பெட்டியில் வெளிக்கிட்டு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வொரு இடமாகப் பங்கர் வெட்டி இருந்து, மாத்தளனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். "மாத்தளனில மூத்தவளை விட்டிட்டம் மச்சான்" என்றான். ஒன்பது வயது. அவனுக்கு ஒரு மூத்த மகள் இருந்தாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பிறந்த புதினமும் இறந்த புதினமும் ஒரே வசனத்தில், பதினைந்து வருடம் பிந்தி வந்தன. இன்னாலில்லாஹி என்று வாய்க்குள் சொன்னேன். அவன் எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தான்.

வட்டக்கச்சி அழகான ஊர். வாய்க்கால் ஓரமெல்லாம் தென்னை. சிறுபோக நெல் விளைந்து மஞ்சளாகக் கிடந்தது. குளத்து நீரின் அளவைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிப்பார்கள். அந்த வருடம் தன் பங்குக்குக் கிடைத்தது போதவில்லை என்று அவனுக்குக் குறை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வரம்பு உடைந்த கதையையும் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் குளத்து மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் வைத்திருந்தார்கள். "கோழி அடிக்கேல்ல. மீனுக்கு உங்கடையில அறுக்கத் தேவையில்லைத்தானே" என்றான். முப்பத்து நான்கு வருடமாக அவன் இதை மறக்காமல் வைத்திருந்தான். சாப்பிட்டு, அவர்களுடைய விறாந்தையில் லுஹர் தொழுதுவிட்டு, இருவரும் கைத்தொலைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முன் வரிசையில் ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். மகனோடு லண்டனில் இருக்கிறாராம்.

இரண்டாம் வரிசையில் பெண் பிள்ளைகள். கணிதத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் அதிபராக இருக்கிறாள். பங்கருக்குள் வைத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்று அவளுக்குப் பேர். அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. அடுத்தது எங்கள் ஊர்ப் பிள்ளை. ஆலங்குடா முகாமில் பதினேழு வயதில் நிக்காஹ் முடிந்தது. இப்போது உம்மும்மா. பேரப்பிள்ளைகள் நான்கு. அவளுடைய கையெழுத்தைப் பார்த்து ஆசிரியர்கள் அச்சடித்தது போல இருக்கிறது என்பார்கள். இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில்தான் எழுதுகிறாள்.

மூன்றாம் வரிசையில் நானும் அவனும். எனக்கு இடப்பக்கம் நிற்பவன் புத்தளத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறான். வாரத்தில் நான்கு நாள் என்னோடு மஃரிப் தொழுகிறவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அடுத்தவன் கட்டாரில் பதினெட்டு வருடம் சாரதியாக இருந்து, நெஞ்சுவலியோடு திரும்பி, 2021இல் மௌத்தாகிப் போனான். இன்னொருவன் தண்ணீரூற்றுக்கே திரும்பியிருக்கிறான். பற்றைக்காடாகக் கிடந்த வளவைத் துப்புரவாக்கிக் கடை போட்டிருக்கிறான். மனைவி பிள்ளைகள் புத்தளத்தில். பிள்ளைகளுக்குத் தண்ணீரூற்று வாப்பாவின் ஊர், புத்தளம் தங்கள் ஊர். மாதத்தில் இரண்டு தடவை பஸ்ஸில் ஏறி இறங்கியே அவனுடைய முழங்கால் போய்விட்டது. திரும்பிப் போன வடக்கு முஸ்லிம்களில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் இரண்டு வீட்டுக்கு நடுவே பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசி வரிசையில் உயரமான பொடியன்கள். அதில் மூன்று பேர் 1990இல் இயக்கத்துக்குப் போனவர்கள். ஒருவன் 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் சண்டையில் இறந்தான். முள்ளியவளைத் துயிலுமில்லத்தில் அவனுக்கு ஒரு கல் இருந்தது. போருக்குப் பிறகு அந்தக் கல்லும் இல்லை. இரண்டாமவன் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து மேசன் வேலை செய்கிறான். மூன்றாமவனுடைய முகத்தில் என் நண்பன் விரலை வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

"இவன்ர மனுசி இந்த ஊர்தான். அடுத்த ஒழுங்கை. பின்னேரம் வருவா. நீ வாறாய் எண்டு சொன்னனான்."

நான் ஒன்றும் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரை விட்டு நடந்தபோது சந்தியில் துவக்கோடு நின்றவர்களில் அவனும் ஒருவன். அது என் நண்பனுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, நான் கேட்காமலேயே அவன் சொன்னான்: "நீங்கள் போனதுக்கு அடுத்த திங்கக்கிழமை சேர் இடாப்புக் கூப்பிட்டவர். வழக்கம்போல எல்லாப் பேரும். உன்ர பேர் வந்தது. ஒருத்தரும் சத்தம் போடேல்ல. சேர் கொஞ்சம் நிண்டுபோட்டு அடுத்த பேருக்குப் போனார். அஞ்சு பேருக்கும் அப்பிடி நிண்டவர். அந்தக் கிழமை முழுக்கக் கூப்பிட்டவர். அடுத்த கிழமை கூப்பிடேல்ல."

"ஏன்?"

"ஆரும் சொல்லியிருப்பினம். நாங்கள் கேக்கேல்ல. முதல்ல பயத்தில கேக்கேல்ல. பிறகு, கேக்கோணும் எண்டதே மறந்துபோச்சு. பயத்தை நான் விளங்கப்படுத்துவன் மச்சான். அந்த மறதியைத்தான் எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்ல."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பரவாயில்லை என்று சொல்ல எனக்கு உரித்து இல்லை. அது எட்டுக் குடும்பங்களினதும் எழுபத்தையாயிரம் பேரினதும் விசயம். பரவாயில்லை என்று சொல்லாமல் விடவும் அந்த விறாந்தையில் முடியவில்லை. மாத்தளன் என்ற சொல் இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு கிழமை கூப்பிட்டார் என்பதே எனக்குப் புதினம்தான் என்று சொன்னேன். அது உண்மை. அத்தனை வருடமாக, நாங்கள் போன அன்றைக்கே பெயர்களை வெட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அஸருக்குப் பிறகு அந்தப் பெண் வந்தார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதிருக்கும். கையில் பொலித்தீன் உறைக்குள் ஒரு கோவை. எனக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டார். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் கணவரைத் தன் கையாலே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். மகனுக்கு அப்போது இரண்டு வயது. பஸ்ஸில் ஏற்றினார்கள், அதன் பிறகு ஆள் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, முடிந்த நாளெல்லாம் பஸ் ஏறிப் போய் இருந்துவிட்டு வருகிறார். மற்றத் தாய்மாரின் கையில் இருப்பது போலப் பெரிய படம் இவரிடம் இல்லை. அடையாள அட்டைப் பிரதியிலிருந்து பெருப்பித்த, கண்ணும் மூக்கும் கரைந்த ஒரு படம்தான்.

மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற குடும்பங்கள் 'காணவில்லை' என்று ஒரு சான்றிதழ் எடுத்துக்கொள்ள 2016இல் சட்டம் வந்தது. அதை எடுத்தாரா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்தார்.

"ஒப்படைச்சனான் அண்ணா. ஆளைக் குடுத்தால் ஒரு துண்டு தரோணும். முதல் அந்தத் துண்டைத் தரட்டும். பிறகு மற்றதைப் பாப்பம்."

நண்பன் அந்தப் படத்தைக் காட்டினான். கடைசி வரிசை முகம் நகக்கண்ணளவுதான் இருந்தது. பெருப்பித்தால் கட்டம் கட்டமாகக் கலைந்து போனது. அவர் திரும்பத் திரும்பச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பார்த்தார். "நெத்தி அப்பிடியே மகன்ர" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் அவரோட ஆறாம் வகுப்பிலயிருந்து படிச்சனீங்களாம். அவர் எப்பிடி இருந்தவர்? நான் கலியாணம் முடிக்கேக்க அவருக்கு முப்பதுக்கு மேல. அதுக்கு முதல் கதையள் அவர் கதைக்கிறேல்ல. மகன் கேக்கிறான். எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை."

சொன்னேன். கிளித்தட்டில் அவனைத் தாண்டிப் போக ஒருவராலும் முடியாது என்று சொன்னேன். கணக்கு அவனுக்கு வராது என்று சொன்னேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு என் வாப்பா தேத்தண்ணீர்க் கடை போடுவார். ஒரு வருடம் கூட்டம் தாங்காமல் போக, விடிய விடிய எங்களோடு நின்று கிளாஸ் கழுவினான். விடியப்புறம் வாப்பா பத்து ரூபாய் கொடுத்தார். அந்தக் காசுக்குத் தங்கச்சிக்குக் காப்பு வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பெண் சிரித்தார். அந்தத் தங்கச்சி இப்போது பிரான்ஸில் இருக்கிறாராம், காப்புக் கதையை அவரிடம் கேட்க வேண்டும் என்றார்.

பிறகு அவராகவே கேட்டார்: "உங்கட ஆக்களை அனுப்பேக்க அவர் அங்க நிண்டவரோ?"

நண்பன் நிலத்தைப் பார்த்தான். நான் "ஓம்" என்றேன். "சந்தியில் நின்றவர்."

அவர் எழும்பவில்லை. கோவையைத் திறந்து, ஒரு வெறுந்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப சொன்னதெல்லாம் எழுதித் தாங்கோ அண்ணா. மகன் வாசிக்கட்டும். கடைசியாச் சொன்னதையும் எழுதுங்கோ. கையெழுத்தும் வையுங்கோ."

என் தொழிலில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'நன்று', 'மிக நன்று' என்பதற்கு மேல் அந்தப் பத்திரத்தில் இடம் இருக்காது. இந்தத் தாளில் இடம் இருந்தது. கிளித்தட்டு, கணக்கு, பொங்கல் கடை, காப்பு எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு இதையும் எழுதினேன்: "1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாளில் அவர் துவக்கோடு சந்தியில் நின்றார். எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. அதை அவிழ்த்து விட்டிருக்கிறேன், தண்ணீர் காட்டு மகன் என்று என் வாப்பா அவரிடம் சொன்னார். அவர் தலையாட்டியதாக வாப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தலையாட்டியதை நான் காணவில்லை."

அவர் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து, "தண்ணி வைச்சிருப்பாரோ?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

தாளை மடிக்காமல், முறைப்பாட்டுத் துண்டுகளுக்கும் விண்ணப்பப் பிரதிகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனார்.

புத்தளம் திரும்பியதும் முதலில் புதினம் கேட்டவன் கருவாட்டுக்காரன்தான். மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் மதிலோரத்தில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னேன். கணக்கில் முதலாவதாக வந்தவள் அதிபராகிவிட்டாள் என்றதும் சந்தோசப்பட்டான். மாத்தளன் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தான். கடைசி வரிசைக்கு வந்தபோது அவனுடைய முகம் மாறியது. அவனுடைய வாப்பா நோயாளி. அந்த நடையில் வவுனியாவுக்கு வந்து சேருமுன்னே மௌத்தானார். எங்கே அடக்கினார்கள் என்பதை இன்றும் அவனால் திட்டமாகச் சொல்ல முடியாது.

"அவனுக்கா எழுதிக் குடுத்துட்டு வந்தாய்? என்ட வாப்பாக்கு யார் எழுதித் தந்தது?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எழுதியதில் எதையும் நான் மறைக்கவில்லை என்று சொன்னேன். அது அவனுக்குப் பதிலாக இருக்கவில்லை. அவனுடைய வாப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் கேட்கப்படுவதில்லை. காணாமற் போன ஒருவனின் மனைவியிடம் அந்தக் கடனை வசூலிக்க முடியாது என்பதும், அதற்காக அந்தக் கடன் அழிந்துபோகாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டுதான் வடக்கு முஸ்லிம்கள் ஊருக்குப் போகிறோம், வருகிறோம், கூடப் படித்தவனின் வீட்டில் குளத்து மீன் சாப்பிடுகிறோம்.

இரண்டு நாள் அவன் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தொழுகை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்தப் பொடியனுக்கு எத்தனை வயசு?"

"பதினேழு."

"என்ன படிக்கிறான்?"

"உயர்தரம். கணிதப் பிரிவு."

கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன்ட வாப்பா ஓ.எல். மட்டும் என்னைப் பார்த்துத்தான் கணக்கு எழுதினவன். அதையும் அந்தத் தாளில எழுதினியா?"